கேமிங் மடிக்கணினி 97 டிகிரியைத் தொடுகிறது: தெர்மல் பேஸ்ட் மாற்றினால் சரியாகுமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக நான் பயன்படுத்திவரும் கேமிங் மடிக்கணினியில் எட்டுக் கோர்கள் கொண்ட செயலியும் தனி கிராஃபிக்ஸ் சிப்பும் உள்ளன. வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் ஒன்றையே இரண்டும் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு அது. வாங்கிய புதிதில் சீராக ஓடிய விளையாட்டுகள் இப்போது தொடங்கிய சில நிமிடங்களிலேயே திணறுகின்றன. நொடிக்கு 90 ஃபிரேம்களை ஒட்டி இருக்கும் வேகம் திடீரென்று 50-க்கும் கீழே சரிந்து, சற்று நேரம் கழித்து மீண்டும் ஏறுகிறது. அப்போது எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் பார்த்தால் செயலி 97 டிகிரி செல்சியஸையும் கிராஃபிக்ஸ் சிப் 84 டிகிரியையும் காட்டுகின்றன. விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றும் பயன் தெரியவில்லை.

கீழ்ப்பக்கத் துளைகளைச் சுத்தம் செய்தேன். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்தும் பார்த்தேன். இரண்டு, மூன்று டிகிரி குறைந்ததே தவிர சிக்கல் தீரவில்லை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டதால் நானே திறந்து, சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையில் பூசப்பட்டிருக்கும் தெர்மல் பேஸ்டை மாற்றலாம் என்று எண்ணுகிறேன். இந்த வெப்பநிலை உண்மையிலேயே ஆபத்தானதா, பேஸ்டை மாற்றுவதுதான் சரியான தீர்வா, பேஸ்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் பயன்படுத்தினால் அதிகப் பலன் கிடைக்கும் என்று பலரும் சொல்வதை நம்பலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவனாக இருப்பேன். மடிக்கணினியை முழுமையாகத் திறப்பது எனக்கு இதுவே முதல் முறை என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. முதலில் உங்கள் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். மடிக்கணினிகளில் வரும் இன்டெல் செயலிகளில் பலவற்றுக்கு உச்ச வெப்பநிலை வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி செயலிகளில் மாடலைப் பொறுத்து அது 95 முதல் 105 டிகிரி வரை இருக்கும். அந்த வரம்பை நெருங்கும்போது செயலி தன் வேகத்தையும் மின்நுகர்வையும் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் கணினியே அணைந்துவிடும். ஆகவே 97 என்ற எண்ணைக் கண்டதும் சிப் கருகிவிடும் என்று எண்ண வேண்டியதில்லை. உங்கள் ஃபிரேம் வேகம் சரிவது இந்தத் தற்காப்பு வேலை செய்கிறது என்பதையே காட்டுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் இப்படியே ஓட்டினால் விசிறியின் பேரிங்கும், அருகில் இருக்கும் பேட்டரியும் விரைவில் தேயும் என்பதால், சரிசெய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரியானதே. டச்பேட் இருக்கும் பகுதி சற்றேனும் புடைத்திருந்தால் அது பேட்டரி உப்பியதன் அறிகுறி; அப்படியிருந்தால் மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்து முதலில் அதைக் கவனியுங்கள்.

இனி உங்கள் முதன்மையான கேள்விக்கு வருகிறேன். சிப்பில் உண்டாகும் வெப்பம் பேஸ்ட் வழியாகச் செம்புத் தகட்டுக்கும், அங்கிருந்து ஹீட் பைப்புகளுக்கும், அவற்றின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டு வரிசைக்கும், பின் விசிறி தள்ளும் காற்றுக்கும் போய்ச் சேர்கிறது. இதில் எந்த ஓர் இணைப்பு கெட்டாலும் வெளியில் தெரிவது ஒரே அறிகுறிதான். பேஸ்ட் என்பது அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டுமே. எந்தக் கண்ணி கெட்டது என்பதைத் திறப்பதற்கு முன்பே பெரும்பாலும் கண்டுபிடித்துவிட முடியும். அதற்குப் பார்க்க வேண்டியது வெப்பநிலை எவ்வளவு என்பதைவிட, அது எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதை.

கணினியைப் பத்து நிமிடம் சும்மா விட்டு, விசிறிகளை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, சினிபெஞ்ச் போன்ற ஒரு சுமைச் சோதனையைத் தொடங்கி, முதல் சில நொடிகளின் வரைபடத்தைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் செம்புத் தகடும் ஹீட் பைப்புகளும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். அப்படி இருந்தும் வெப்பநிலை ஒரே பாய்ச்சலில் உச்சத்துக்குப் போனால், வெப்பம் சிப்பை விட்டு வெளியேறவே வழியில்லை, அதாவது பேஸ்டோ தகட்டின் அழுத்தமோ சரியில்லை என்று பொருள். மாறாக ஐந்து, பத்து நிமிடங்களில் படிப்படியாக ஏறினால் வெப்பம் சிப்பிலிருந்து இறங்கிவிட்டது, காற்றுக்குத்தான் போகவில்லை என்று பொருள். அப்போது தூசியையும் விசிறியையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் சோதனையே தவறான முடிவைத் தரும். இன்றைய செயலிகள் டர்போ நிலையில், அதாவது தம் வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓடும்போது, சில நொடிகளுக்கு 100 வாட்டுக்கும் மேல் இழுக்கக்கூடியவை. நகக்கண் அளவுள்ள சிலிக்கானில் அவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் புத்தம் புதிய மடிக்கணினிகூட நொடிப்பொழுதில் 95 டிகிரியைத் தொடும். ஆகவே சோதனைக்கு முன் மின்நுகர்வு வரம்பை 45 வாட்டில் நிறுத்திவிடுங்கள். இன்டெல் செயலியானால் த்ராட்டில்ஸ்டாப் மென்பொருளில் குறுகிய கால வரம்பு, நீண்ட கால வரம்பு இரண்டையும் இதற்கென மாற்றலாம். சில நிறுவனங்கள் கணினியுடன் தரும் கட்டுப்பாட்டு மென்பொருளிலும் இந்த வசதி உண்டு.

இதோடு மூன்று செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்லாக் கோர்களும் ஒரே சுமையில் இருக்கும்போது மிகச் சூடான கோருக்கும் மிகக் குளிர்ந்த கோருக்கும் உள்ள வேறுபாடு. ஏழெட்டு டிகிரி இயல்பானது. 15 டிகிரியைத் தாண்டினால் பேஸ்ட் ஒரு பக்கம் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் செயலியில் இருவகைக் கோர்கள் இருந்தால் ஒரே வகையை ஒரே வகையோடு மட்டும் ஒப்பிடுங்கள். இரண்டு, கிராஃபிக்ஸ் சிப்பின் பொதுவான வெப்பநிலைக்கும் ஹாட் ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) எனக் காட்டப்படும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. அது 10 முதல் 15 டிகிரிக்குள் இருப்பது நலம். மூன்று, வெளியேறும் காற்று. செயலி கொதிக்கும்போது வெளிவரும் காற்று வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தால் வெப்பம் உள்ளேயே தேங்குகிறது. காற்று அனலாகவும் மெலிந்தும் வந்தால் வழி அடைபட்டிருக்கிறது.

அறையின் வெப்பநிலையையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அறை 5 டிகிரி கூடினால் சிப்பும் ஏறத்தாழ 5 டிகிரி கூடும் என்பதால், அதைக் குறிக்காத ஒப்பீடு எதற்கும் உதவாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே அறை 28 டிகிரியில் இருக்கும்போது சோதித்தேன். 45 வாட் வரம்பிலும் செயலி 51 டிகிரியிலிருந்து இரண்டு, மூன்று நொடிகளில் 85-க்குப் பாய்ந்தது. அதன்பின் மெதுவாக ஏறி 91-இல் நின்றது. கோர்களுக்கு இடையே 17 டிகிரி வேறுபாடு இருக்கிறது. கிராஃபிக்ஸ் சிப்புக்கு மட்டும் சுமை கொடுத்தபோது அது 78 டிகிரியும், அதன் ஹாட் ஸ்பாட் 101 டிகிரியும் காட்டின. வலப்பக்கத் துளையிலிருந்து காற்று நன்றாக வருகிறது. இடப்பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை. இவற்றிலிருந்து பேஸ்ட், தூசி இரண்டுமே காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா? அப்படியானால் எந்த பேஸ்ட் வாங்குவது, வேலையை எந்த வரிசையில் செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி 2

உங்கள் கணிப்பு சரி. நொடிகளில் நிகழும் 34 டிகிரிப் பாய்ச்சலும் 17 டிகிரி கோர் வேறுபாடும் பேஸ்ட் விலகிவிட்டதைச் சொல்கின்றன. இடப்பக்க விசிறியின் வழியில் தூசி அடைத்திருக்கிறது என்பதும் தெளிவு. பேஸ்டைத் தேர்வதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். இத்தகைய வேலையைப் பலருக்கும் செய்து கொடுத்தவன் என்ற முறையில் நான் திறக்கும் முறையைச் சொல்கிறேன்.

உங்கள் மாடலின் பழுதுபார்ப்புக் கையேடோ, அதே மாடலைத் திறந்து காட்டும் காணொளியோ கிடைத்தால் அதை முழுவதும் பார்த்த பிறகே திருகைத் தொடுங்கள். அதில் குறிப்பாக ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: சில கேமிங் மாடல்களில் தொழிற்சாலையிலேயே திரவ உலோகம் பூசப்பட்டிருக்கும். அதை அறியாமல் ஹீட் சிங்க்கைத் தூக்கினால் உலோகத்துளி மதர்போர்டில் சிந்திக் குறுஞ்சுற்று ஏற்படலாம். உங்களுடையது அந்த வகை என்றால் தயவுசெய்து அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பேட்டரியில் மின்னேற்றம் 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பிறகு கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடியின் திருகுகள் பெரும்பாலும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. நீளமான திருகைக் குட்டையான துளையில் செலுத்தினால் மறுபக்கம் உள்ள பாகம் உடையும். ஆகவே ஒரு தாளில் அடிமூடியின் படத்தை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதற்குரிய இடத்திலேயே ஒட்டிவையுங்கள். மூடியை நெம்புவதற்கு உலோகக் கருவி வேண்டாம். பிளாஸ்டிக் அட்டை போதும். உள்ளே முதல் வேலை பேட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதன்பின் பவர் பொத்தானைப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடித்து எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பேட்டரி இணைப்பு இருக்கும்போதே ஹீட் சிங்க்கில் கை வைத்ததால் போன மதர்போர்டுகள் நிறைய. இந்த ஒரு படியில் மட்டும் அவசரப்பட்டுவிடாதீர்கள்.

விசிறிக் கம்பிகளை இழுக்காமல், இணைப்பின் பிளாஸ்டிக் முனையைப் பிடித்து மெல்ல நகர்த்தி எடுங்கள். ஹீட் சிங்க்கின் திருகுகளுக்கு அருகில் 1, 2, 3 என்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணை நோக்கியும், மாட்டும்போது 1-இலிருந்து மேல்நோக்கியும் போக வேண்டும். ஒரு திருகை ஒரேயடியாக முடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, சுற்றிச் சுற்றி இறுக்குங்கள். இங்கே சிப்பின் மேல் பாதுகாப்பு மூடி எதுவும் இல்லை, வெறும் சிலிக்கான். அழுத்தம் ஒரு மூலையில் மட்டும் விழுந்தால் அந்த மூலை உடைந்துபோகும்.

தகடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் மேல்நோக்கி இழுக்க வேண்டாம். பழைய பேஸ்ட் இறுகியிருக்கிறது என்று பொருள். பக்கவாட்டில் இலேசாக அசைத்தால் விட்டுவிடும். திறப்பதற்குச் சற்றுமுன் கணினியைச் சில நிமிடம் சுமையில் ஓட்டி, வெதுவெதுப்பு ஆறுவதற்குள் கழற்றுபவர்களும் உண்டு. அதுவும் நல்ல வழிதான். ஹீட் பைப்புகளைப் பிடித்துத் தூக்காமல் தகட்டின் ஓரங்களைப் பிடியுங்கள். அந்தக் குழாய்களுக்குள் சிறிதளவு நீர்மம் வெற்றிடத்தில் அடைக்கப்பட்டு, ஆவியாகவும் நீராகவும் மாறி மாறிச் சுழல்கிறது. குழாய் நசுங்கினாலோ மடங்கினாலோ அந்தச் சுழற்சி கெட்டுவிடும், அதைச் சீர்படுத்தவும் முடியாது.

இப்போது தூசி. அடிமூடியைத் திறந்ததும் விசிறியின் இறக்கைகள் சுத்தமாகத் தெரிந்தால் அதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். விசிறி காற்றைத் தள்ளும் வாய்க்கும் மெல்லிய தகட்டு வரிசைக்கும் நடுவே, வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கம்பளித் துணிபோல ஒரு படலம் சேர்ந்திருக்கும். உங்கள் இடப்பக்கத்தில் காற்று வராததற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். விசிறியைத் தனியே கழற்றினால் அதை விரலாலேயே முழுதாக உரித்தெடுத்துவிடலாம். அழுத்தக் காற்றை அடிப்பதானால் இறக்கையைக் கையால் பிடித்துக்கொண்டு அடியுங்கள்; காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுழன்றால் பேரிங் பாழாகும்.

சிப்பையும் செம்புத் தகட்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, இழை உதிராத துணியால் துடையுங்கள். சிப்பைச் சுற்றியுள்ள சிறு கெப்பாசிட்டர்களுக்கு நடுவில் பழைய பேஸ்ட் கொஞ்சம் ஒட்டியிருந்தால், அது மின்கடத்தாத வகையாக இருக்கும்வரை, அப்படியே விட்டுவிடலாம். அதைச் சுரண்டப்போய் ஒரு கெப்பாசிட்டர் பெயர்ந்துவிட்டால் இழப்பு மிகப் பெரியது.

தெர்மல் பேடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிராஃபிக்ஸ் நினைவகச் சிப்புகளின் மீதும் மின்சீராக்கிப் பகுதிகளின் மீதும் மென்மையான பட்டைகள் இருக்கும். அவை கிழியாமல் இருந்தால் அதே இடத்தில் அப்படியே பயன்படுத்துங்கள். கிழிந்திருந்தால் அவற்றின் தடிமனை அளந்து, அதே தடிமனில் வாங்குங்கள். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 மில்லிமீட்டரை வைத்தால் செம்புத் தகடு சிப்பை விட்டு மேலெழுந்து நிற்கும். எவ்வளவு உயர்ந்த பேஸ்ட் போட்டாலும் அதன்பின் பயனில்லை. பேஸ்ட் மாற்றிய பிறகு முன்பைவிட அதிகமாகச் சூடாகிறது என்று புலம்புபவர்களில் பலருக்கும் நடந்திருப்பது இதுதான்.

மறுமொழி 3

பேஸ்டைத் தேர்வதைப் பற்றி நான் எழுதுகிறேன். குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் வெப்பக்கடத்துத் திறன் எண்ணைப் பார்த்து வாங்குவதுதான் பரவலான பழக்கம். அந்த எண்ணுக்கு அவ்வளவு மதிப்பில்லை என்பதை ஒரு சிறு கணக்கிலேயே காட்டலாம். 200 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள ஒரு சிப் 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் 50 மைக்ரான் (0.05 மில்லிமீட்டர்) தடிமனுக்கு, கடத்துத்திறன் 5 வாட்/மீட்டர்-கெல்வின் உள்ள பேஸ்ட் இருந்தால், அந்தப் படலத்தைக் கடக்கும்போது ஏற்படும் வெப்பநிலை வேறுபாடு 4 டிகிரி. கடத்துத்திறன் இருமடங்கான 10 உள்ள பேஸ்டைப் போட்டால் அது 2 டிகிரி ஆகும். பல மடங்கு உயர்ந்த பொருளை வாங்கியும் கிடைப்பது அந்த 2 டிகிரிதான். ஆனால் அதே இடத்தில் பேஸ்ட் விலகிக் காற்று புகுந்துவிட்டால், காற்றின் கடத்துத்திறன் வெறும் 0.026 என்பதால், அந்தப் பகுதி வழியாக வெப்பம் ஏறக்குறையப் போகவே போகாது. உங்களுடைய 17 டிகிரி கோர் வேறுபாடு அப்படிப்பட்ட இடைவெளியிலிருந்துதான் வருகிறது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பேஸ்ட் அதிகம் கடத்தும் என்பதைவிட, எது இடத்தை விட்டு நகராமல் நீண்ட நாள் நிற்கும் என்பது. மேசைக் கணினியில் சிப்பின் மேல் உலோக மூடி இருப்பதால் வெப்பம் பரவி, பேஸ்டின் மேல் வரும் நெருக்கடி குறைகிறது. மடிக்கணினியில் வெறும் சிலிக்கானும் செம்பும் நேருக்கு நேர் அமர்ந்திருக்கின்றன. சூடாகும்போது இரண்டும் வெவ்வேறு அளவில் விரிகின்றன, குளிரும்போது சுருங்குகின்றன. விளையாட்டைத் தொடங்கி நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இந்த அசைவு நடந்து, நடுவில் இருக்கும் பேஸ்டைச் சிறுகச் சிறுக ஓரத்துக்குத் தள்ளுகிறது. நீர்த்த பேஸ்ட் மாற்றிய உடனே அருமையான எண்களைக் காட்டிவிட்டு, சில மாதங்களில் பழைய நிலைக்கே திரும்புவது இதனால்தான். கெட்டியான வகை பூசுவதற்குச் சற்றுச் சிரமமாக இருந்தாலும் நீடித்து நிற்கும்.

என் பரிந்துரை ஹனிவெல் நிறுவனத்தின் பிடிஎம்7950 என்ற நிலைமாறும் தாள். அறை வெப்பநிலையில் அது மெழுகுத் தாள்போலத் திடமாக இருக்கும். ஏறக்குறைய 45 டிகிரிக்கு மேல் இளகிச் சிப்புக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பிக்கொள்ளும். ஆறியதும் மீண்டும் இறுகிவிடும். விரிந்து சுருங்கும் அசைவு அதை எளிதில் வெளியேற்ற முடிவதில்லை. சிப்பைவிட ஓரங்களில் சற்றே பெரிதாக வெட்டி, சில நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்தால் மேலும் கீழும் உள்ள பாதுகாப்பு ஏடுகள் சுலபமாகப் பிரியும். இரண்டு ஏடுகளையும் நீக்கிவிட்டோமா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால் எல்லா உழைப்பும் வீண். சில முறை நன்றாகச் சூடாகி ஆறிய பின்பே அதன் முழுப் பலனும் தெரியும் என்பதால், முதல் நாளின் எண்களை வைத்து மதிப்பிட வேண்டாம். இதற்குப் போலிகள் நிறைய வருகின்றன; நம்பகமான விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள்.

தாள் கிடைக்காவிட்டால் நாக்டுவா என்டி-எச்2, ஆர்க்டிக் எம்எக்ஸ்-6 போன்ற மின்கடத்தாத பேஸ்டுகள் போதுமானவை. அப்போது சிப்பின் நடுவில் ஒரு பொட்டு வைத்து அழுத்தும் முறையைப் பின்பற்ற வேண்டாம். மூடியில்லாத சிப்பில் மூலையில் பேஸ்ட் போய்ச் சேராவிட்டால் அந்த மூலையில் உள்ள கோர் தவிக்கும். மெல்லிய படலமாக முழுப் பரப்பிலும், நான்கு மூலைகளையும் சேர்த்து, பரப்பிவிடுங்கள். சற்று அதிகமானால் ஓரத்தில் பிதுங்கி நிற்கும், அதனால் தீங்கில்லை. குறைவானால்தான் தீங்கு.

திரவ உலோகத்தை உங்களுக்கு நான் உறுதியாகப் பரிந்துரைக்க மாட்டேன். அது காலியம் கலந்த உலோகக் கலவை. வெப்பத்தை மிக நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தையும் கடத்தும். அலுமினியத்தைத் தொட்டால் அதை அரித்து நொறுங்கச் செய்யும். செம்பிலும் சிறிது ஊறி, காலப்போக்கில் வறண்டுபோகலாம். பையில் வைத்து அங்குமிங்கும் கொண்டுசெல்லும் ஒரு கருவிக்குள், சுற்றிலும் தடுப்புக் கரை கட்டாமல், முதல் முறையாகத் திறக்கும் ஒருவர் அதைப் பூசுவதில் உள்ள ஆபத்து, கிடைக்கும் சில டிகிரிகளுக்கு ஈடாகாது.

மறுமொழி 4

மேலே உள்ளவர்கள் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். வெப்பத்தை வெளியேற்றுவது ஒரு பாதி என்றால், உண்டாகும் வெப்பத்தையே குறைப்பது மறுபாதி. அதைப் பற்றிச் சில வரிகள்.

செயலியின் இயக்க மின்நுகர்வு அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் மாறுகிறது. 1.2 வோல்ட்டில் செய்யும் வேலையை அதே வேகத்தில் 1.1 வோல்ட்டில் செய்ய வைத்தால் சுமார் 16 சதவீத மின்நுகர்வு மிச்சமாகிறது. ஃபிரேம் ஒன்றுகூடக் குறைவதில்லை. இதைத்தான் அண்டர்வோல்ட் என்கிறோம். இன்டெல் செயலிகளில் த்ராட்டில்ஸ்டாப் மூலம் செய்யலாம். ஆனால் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு 2019 டிசம்பரில் வெளியான பிறகு, பல மடிக்கணினிகளின் பயாஸ் (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புகளில் இந்த வசதி பூட்டப்பட்டுவிட்டது. பூட்டியிருந்தால் அதை உடைக்க முயலாமல் வேறு வழிகளுக்குப் போய்விடுங்கள். பூட்டாமல் இருந்தால் ஒவ்வொரு முறையும் 10 மில்லிவோல்ட் மட்டும் குறைத்து, நீண்ட நேரம் சோதித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். கணினி உறைந்தாலோ தானாக மீண்டும் தொடங்கினாலோ இரண்டு படி பின்வாங்குங்கள். கிராஃபிக்ஸ் சிப்புக்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் உள்ள மின்னழுத்த வளைவுப் பலகை இதே பயனைத் தருகிறது.

இவை எதிலும் கை வைக்க விரும்பாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஃபிரேம் வேகத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். நொடிக்கு 90-க்கும் 50-க்கும் இடையே ஊசலாடுவதைவிட 70-இல் நிலையாக நிற்கும் விளையாட்டு கண்ணுக்கு எவ்வளவோ இதமானது. உங்கள் மடிக்கணினியில் இரு சிப்புகளும் ஒரே ஹீட் பைப்புகளைப் பகிர்வதால், கிராஃபிக்ஸ் சிப்பின் சுமை குறைந்தால் செயலியும் சேர்ந்தே குளிரும். விண்டோஸ் மின்திட்டத்தில் செயலியின் உச்ச நிலையை 99 சதவீதமாக வைத்தால் டர்போ முழுவதும் நின்றுவிடும். வெப்பம் பெருமளவு சரியும். ஆனால் செயலியைப் பெரிதும் நம்பியிருக்கும் விளையாட்டுகளில் வேகமும் சரியும் என்பதால், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்ட் மாற்றுவதற்கு முன் இவற்றில் எதையும் செய்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் எவ்வளவு குறைந்தது என்பதை அறிய முடியாது. தகடு சரியாக அமராமல் இருந்தாலும் அந்தக் குறையை மின்னழுத்தக் குறைப்பு மறைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

வேலையை முடித்துவிட்டேன், அனைவருக்கும் நன்றி. எனது மாடலில் திரவ உலோகம் இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டேன். செயலியின் மேலிருந்த பேஸ்ட் நடுவில் ஏறக்குறைய இல்லாமல் போய், ஓரத்தில் மேடாகக் குவிந்திருந்தது. மறுமொழி 3-இல் விவரித்தது அப்படியே கண்முன் இருந்தது. இடப்பக்க விசிறிக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவே தூசிப் படலம் முழுவதையும் அடைத்திருந்தது. நிலைமாறும் தாளைப் பயன்படுத்தினேன். பேடுகள் கிழியாததால் அவற்றையே வைத்துவிட்டேன்.

அதே அறை வெப்பநிலையில், அதே 45 வாட் சோதனையில், செயலி இப்போது 69 டிகிரியில் நிற்கிறது. கோர் வேறுபாடு 6 டிகிரி. கிராஃபிக்ஸ் சிப் 70 டிகிரி, ஹாட் ஸ்பாட் 82. விளையாட்டில் ஃபிரேம் சரிவு நின்றுவிட்டது. ஒரே ஒரு ஐயம்: வரம்பு எதுவும் இல்லாமல் சினிபெஞ்ச் ஓட்டினால் முதல் சில நொடிகளில் செயலி இன்னும் 93 டிகிரி வரை போகிறது. தகடு சரியாக அமரவில்லை என்று இதற்குப் பொருளா? மீண்டும் திறக்க வேண்டுமா?

மறுமொழி 1 எழுதியவர்

திறக்க வேண்டாம். அந்த 93 டர்போவின் இயல்பு. அந்த நேரத்தில் எச்டபிள்யூஇன்ஃபோவில் செயலியின் மின்நுகர்வு என்ற வரியைப் பாருங்கள். முன்பு 97 டிகிரியில் இழுத்ததைவிட இப்போது கணிசமாக அதிக வாட் இழுத்துக்கொண்டிருக்கும். வெப்பம் வெளியேற வழி கிடைத்ததும் செயலி அந்த இடத்தை வேகமாக மாற்றிக்கொள்கிறது. குறைந்த வெப்பநிலையே வேண்டும் என்றால் குறுகிய கால மின்வரம்பைச் சற்று இறக்குங்கள், அல்லது மறுமொழி 4-இல் உள்ளபடி மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். விளையாட்டுகளில் வேறுபாடு தெரியாது.

தாள் இன்னும் முழுமையாக அமராமல் இருக்கக்கூடும் என்பதால், சில நாள் பயன்பாட்டுக்குப் பின் அதே 45 வாட் சோதனையை மறுபடி செய்து, அந்த வரைபடத்தை அறை வெப்பநிலையோடு சேமித்துவையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே சோதனையைச் செய்து ஒப்பிட்டால் போதும். கோர் வேறுபாடு 6-இலிருந்து 12, 13 என்று கூடத் தொடங்கினால் மட்டும் மறுபடி ஹீட் சிங்க்கைக் கழற்றுவதைப் பற்றி யோசியுங்கள். வேறுபாடு மாறாமல் மொத்த வெப்பநிலை மட்டும் கூடினால் விசிறியின் வாயில் தூசி சேர்ந்திருக்கிறது. அதற்கு அடிமூடியைத் திறந்து விசிறியை மட்டும் கழற்றினால் போதும், சிப்பைத் தொடவே தேவையில்லை.